ஜூலியா ஆன்ட்டிக்கு மட்டும் சுற்றவில்லை

“சுத்துதா ஆன்ட்டி?” என்று மைக்கில் கேட்டான் கிளெமென்ட்.

“கோடெல்லாம் ஓடுதுப்பா. நான் உக்காந்த எடத்துலதான் இருக்கேன்” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஐந்து வருஷமாக அவன் நடத்திவரும் ஆராய்ச்சி இது. இருட்டறையில் ஒரு நாற்காலி, அதைச் சுற்றி வட்டமாகத் திரை. திரையில் கறுப்பு வெள்ளைக் கோடுகள் ஓடத் தொடங்கியதும், உட்கார்ந்திருப்பவருக்குத் தானே சுற்றுவதுபோல் இருக்கும். கண் மூளையை ஏமாற்றுகிறது என்று நிரூபிப்பதுதான் நோக்கம். அடுத்த அறையில் உட்கார்ந்து அவன் குறிப்பெடுப்பான். இதுவரை உட்கார்ந்த முப்பத்தொன்பது பேரும் சுற்றியதாகச் சத்தியம் செய்திருந்தார்கள். ஒருவர் வாந்தியே எடுத்தார்.

நாற்பதாவது ஆள் கடைசி நேரத்தில் வரவில்லை. ஞாயிறு பூசை முடிந்து காக்ஸ் டவுன் சர்ச் வாசலில் நின்ற ஜூலியா ஆன்ட்டியைக் கெஞ்சி, மறுநாளே ஆட்டோவில் கூட்டிவந்துவிட்டான். வெள்ளிக்கிழமை தீசிஸைக் கொடுத்தாக வேண்டும்.

கோடுகளின் வேகத்தைக் கூட்டினான். மெட்ரோ போவதுபோல் இருக்கிறது, நான் பிளாட்பாரத்தில் நிற்கிறேன் என்றாள் ஆன்ட்டி.

ஆன்ட்டிக்கு ஹெட்போன் மாட்டிவிட்டு, காற்று இடமிருந்து வலமாகச் சுழலும் சத்தத்தை ஓடவிட்டான். சற்று நேரத்தில் மைக்கில் மெல்லிய குறட்டை கேட்டது.

எழுப்பி வெளியே அழைத்துவந்தபோது ஆன்ட்டிக்கு அவன் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

“சுத்துச்சுன்னே எழுதிக்கப்பா. நான் ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லிக்கிறேன்.”

அப்படியெல்லாம் எழுதக்கூடாது ஆன்ட்டி என்று மறுத்துவிட்டான். மறுத்த பிறகுதான், ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாமோ என்று தோன்றியது.

எதற்கும் சரிபார்ப்போம் என்று தானே போய் உட்கார்ந்தான். ஐந்து வருஷமாக அவனைத் தலைசுற்ற வைத்த கோடுகள் சுவரில் ஊரும் எறும்புகள்போல் போய்க்கொண்டிருந்தன. ஒன்றும் சுற்றவில்லை. இப்போது சுற்றாதவர்கள் இரண்டு பேர் ஆகிவிட்டார்கள். பயந்துபோய் பேராசிரியர் சீனிவாசராகவனுக்கு போன் செய்தான்.

கோடுகள் ஓடினால் மனிதன் சுற்றுவான் என்பது அவருடைய கொள்கை. அதற்காக நாலு நாட்டில் சால்வை போர்த்தியிருக்கிறார்கள். மல்லேஸ்வரத்திலிருந்து சாப்பாட்டைப் பாதியில் விட்டு வந்தவர் நேரே நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். அரை நிமிஷம் கோடுகள் ஓடின.

“சுத்தறது” என்றார் பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு. “நன்னாவே சுத்தறது.”

இறங்கும்போது தள்ளாடியும் காட்டினார். தள்ளாட்டம் கொஞ்சம் அதிகமாகிப்போய்த் திரையின் தாங்குகம்பியில் மோதினார். திரை பாதி சரிந்து அவர் தலையில் விழுந்தது. ஜூலியா ஆன்ட்டி ஓடிவந்து அவரை வெளியே இழுத்து, தண்ணீர் கொடுத்து விசிறிவிட்டாள்.

தண்ணீர் உள்ளே போனதும் பேராசிரியருக்கு விளக்கம் பிறந்தது. கிளெமென்ட் தினமும் பார்த்துப் பார்த்து மூளை பழகிப்போய்விட்டது, அதனால்தான் அவனுக்குச் சுற்றவில்லை. இந்த அம்மாவின் கதை வேறு. கண் எவ்வளவு ஏமாற்றினாலும் ஏமாறாத மூளை, கோடியில் ஒருவருக்கு இருந்தால் அதிகம். அவரைப் பற்றியே தனிக் கட்டுரை எழுத வேண்டும், இனி வாரம் ஒருமுறை அவர் இங்கே வர வேண்டும் என்றார்.

ஆன்ட்டிக்கு வெட்கமும் பெருமையுமாக இருந்தது. பிரேசர் டவுனில் இருக்கும் தங்கை கேரலை அப்போதே போனில் கூப்பிட்டு, தனக்குக் கோடியில் ஒரு மூளை என்று பெரிய சாரே சொல்லிவிட்டார் என்றாள். சர்ச் கொயரில் தன்னைப் பின்வரிசைக்குத் தள்ளியவர்களுக்கும் இதைச் சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டாள்.

கிளெமென்ட்டுக்கு ஐந்து வருஷத்தில் முதல்முறையாகப் பசித்தது. கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, ‘ஏமாறாத மூளை’ என்று புது அத்தியாயத்துக்குத் தலைப்பு அடித்தான். பேராசிரியர் பின்னால் நின்று, தன் பெயர் முதலில் வரட்டும் என்றார்.

அப்போது கட்டடத்தின் எலெக்ட்ரீஷியன் பழனிச்சாமி டெஸ்டரைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டே கதவைத் தட்டினார்.

“திரையைப் போட்டா நாற்காலியச் சுத்த வைக்குமே ஒரு மோட்டார், அதுக்குக் காலைலயே ஃபியூஸ் போயிருந்துச்சு சார். மாத்திட்டேன், இனிமே பழையபடி சுத்தும்.”