பதினோரு நிமிஷம்

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு இன்ஸ்பெக்டர் ஒரு சபதம் எடுத்தார். கையிலிருந்த ஸ்பேனரால் முன்அறைத் தரையில் ஓங்கி ஓர் அடி அடித்துவிட்டு, வீடே அதிரக் கத்தினார்.

"வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள இந்த வண்டி ஒழுங்கா ஓடணும். இல்லேன்னா நான் மனுஷனே இல்ல!"

சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது.

"ஏங்க, அதுக்கு எதுக்கு ஞாயித்துக்கிழமை வரைக்கும் காத்திருக்கணும்?" என்றாள் மனைவி. மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

இன்ஸ்பெக்டர் என்றதும் போலீஸ் என்று யாரும் பயப்பட வேண்டாம். அவர் எடை அளவு இன்ஸ்பெக்டர். கடைத் தராசையும் பெட்ரோல் பங்க் மீட்டரையும் சோதித்து, கம்பி முறுக்கி, சீல் வைப்பது அவர் உத்தியோகம். முப்பது வருஷம் சீல் வைத்தே பழகிய கை. எங்கே ஓர் ஓட்டையைப் பார்த்தாலும் அந்தக் கை அரிக்கும். கோபமோ, கேட்கவே வேண்டாம். டீ சூடாக இருந்தாலும் கோபம், ஆறியிருந்தாலும் கோபம், சரியான பதத்தில் இருந்தால் 'இன்னைக்கு மட்டும் எப்படி?' என்று கோபம்.

அப்படிப்பட்டவருக்கு வாய்த்த வண்டி, அறுபது வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் செய்த மோட்டார் சைக்கிள். துருப்பிடித்த எலும்புக்கூடாக வாங்கி வந்தார். வெளியே வைத்தால் பனி படும் என்று முன்அறையில் ஏற்றினார். அங்கே ஜன்னலோரம் நல்ல வெளிச்சத்தில் இருந்த மனைவியின் தையல் மெஷின், 'ரெண்டே மாசம்' என்ற வாக்குறுதியோடு சமையலறைக்குள் போனது. நாலு வருஷம் ஆகிவிட்டது. அவள் அடுப்புக்கும் பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் நடுவில் உட்கார்ந்து ஊராருக்குத் துணி தைக்கிறாள். கல்யாணக் கவுனில் தாளித்த வாசனை அடிக்கிறது என்று ஒரு மணப்பெண் அழுதே விட்டாள். அன்றைக்கு மனைவிக்கு வந்த கோபம் இவர் கோபத்தைப் போல ஏழு வீட்டுக்குக் கேட்கவில்லை. உள்ளேயே இருந்தது.

வண்டியைக் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு போல்ட்டாகத் தேய்த்து, கருஞ்சிவப்பு டேங்கில் தங்கக் கோடு இழுத்து, கண்ணாடி மாதிரி வைத்திருந்தார். முதல் தடவை ஓட்டிப் பார்த்தபோது ஒரு பள்ளத்தில் வண்டி குதிக்க, டேங்க் மூடியின் நடுவிலிருந்த பொடி ஓட்டை வழியாகப் பெட்ரோல் தெளித்துப் புதுப் பெயின்ட்டில் பட்டது. "ஒரு மூடிய ஒழுங்கா செய்யத் தெரியல, இவனுங்க உலகத்தையே ஆண்டானுங்களாம்!" என்று வெள்ளைக்காரனை வண்டை வண்டையாகத் திட்டினார். சிவப்புப் பசை ஒரு துளி வைத்து அந்த ஓட்டைக்குச் சீல் வைத்தார். பத்து நாளில் மறந்தும் போனார்.

அதற்கப்புறம்தான் பிடித்தது சனியன். வீட்டிலிருந்து கிளம்பினால் சரியாகப் பதினோரு நிமிஷம். சிங்கம் மாதிரி உறுமிக்கொண்டு போகிற வண்டி இருமும், திக்கும், நின்றுவிடும். நிற்கிற இடமாவது நல்ல இடமா? டிரைவிங் ஸ்கூல் வாசல்! உள்ளே பாடம் நடத்துகிற மாஸ்டர் சாக்பீஸும் கையுமாக ஜன்னலுக்கு வருவார்.

"எல்லாரும் இங்க பாருங்க. வண்டி வழியில நின்னுட்டா என்ன பண்ணக் கூடாதுங்கறத சார் இப்ப செஞ்சு காட்டுவாரு."

இன்ஸ்பெக்டருக்கு 'பதினோரு நிமிஷம்' என்று பெயர் வைத்ததும் அந்த மாஸ்டர்தான். இப்போது தெருவில் பாதிப் பேருக்கு அவருடைய சொந்தப் பெயரே தெரியாது.

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பழைய வண்டிக்காரர்கள் சங்கத்தின் தலைவர் போன வாரம் ஒரு கடிதம் அனுப்பியிருந்தார். 'தங்கள் வண்டி இரண்டு முறை லாரியில் ஏற்றி வரப்பட்டுள்ளது. வரும் ஞாயிறு ஊர்வலத்திலும் அப்படி நேர்ந்தால், அது ஓடும் வண்டிகள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு, காட்சிப் பொருளாகக் கயிறு கட்டி நிறுத்தப்படும்.' கயிறு கட்டி! நாலு வருஷ உழைப்பைச் செத்துப்போன யானையின் தந்தம் மாதிரி நிறுத்தி வைத்துப் பார்ப்பார்களாம்.

செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டு லைன்மேன் எட்டிப் பார்த்தான். கரன்ட் கம்பத்தில் ஏறி இறங்குகிறவன். வண்டியைச் சுற்றி வந்து பேட்டரியைக் குனிந்து பார்த்தான்.

"சார், ப்ளஸ்ஸக் கொண்டுபோய் பாடியில கட்டி வச்சிருக்கீங்க. தலைகீழா இருக்கு."

"தலைகீழ் இல்லய்யா. இந்த வண்டிக்கு ப்ளஸ்தான் எர்த்து. அந்தக் காலத்து இங்கிலாந்து வண்டி அப்படித்தான்."

"உலகமே மைனஸத்தான் சார் எர்த் பண்ணும்."

"உலகம் தப்பு!"

"அக்கா, கேட்டீங்களா? உலகம் தப்பாம்."

"இருபத்தாறு வருஷமா கேட்டுக்கிட்டுதான் தம்பி இருக்கேன்" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

பேட்டரி விஷயத்தில் இன்ஸ்பெக்டர் சொன்னதுதான் சரி. அதுதான் அவருடைய கஷ்டமே. சின்ன விஷயங்களில் எல்லாம் சரியாக இருப்பார். இந்தக் கோளாறு தீப்பொறியில்தான் என்று ப்ளக்கை மாற்றினார், காயிலை மாற்றினார், ஒயர் முழுவதையும் உருவிப் புதிதாக ஓட்டினார். என்ன மாற்றினாலும் டிரைவிங் ஸ்கூல் மட்டும் மாறவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் சமையலறைக்குள் வந்து கத்தினார்.

"கண்டுபிடிச்சுட்டேன்! கண்டன்சர்! சூடேறினதும் பொறி குடுக்காம செத்துப்போகுது. ஆறினதும் உயிர் வருது. துரோகி!"

"போன மாசம் காயில துரோகின்னீங்க."

"அதுவும் துரோகிதான்."

"சரிங்க, கோபத்தோட கோபமா இந்த எண்ணெய் டின்ல ஒரு ஓட்டை போட்டுக் குடுங்க."

ஆணியும் சுத்தியலும் எடுத்து, டின்னின் மூலையில் அளந்து வைத்த மாதிரி ஓர் ஓட்டை போட்டார். மனைவி டின்னைச் சாய்த்தாள். எண்ணெய் கொஞ்சம் வந்தது. விக்கியது. சொட்டுச் சொட்டாகி, நின்றே விட்டது.

"பாத்தியா! இதுலயும் ஏமாத்துறான்! எடை குறைச்சல்! நாளைக்கே கம்பெனிக்கு நோட்டீஸ் விடுறேன்!"

"டின் நிறைய இருக்குங்க. என் கை வலிக்குது" என்றாள் அவள். ஆணியை வாங்கி எதிர் மூலையில் இன்னோர் ஓட்டை போட்டாள். எண்ணெய் தாராளமாகக் கொட்டியது. அவள் ஜாடி நிறைவதைப் பார்த்தாள். டின்னைப் பார்த்தாள். அப்புறம் தலையைத் திருப்பி முன்அறையைப் பார்த்தாள்.

"ஏங்க, வண்டி நின்னதும் நீங்க மொதல்ல என்ன பண்ணுவீங்க?"

"டேங்க் மூடியத் திறந்து பெட்ரோல் இருக்கான்னு பாப்பேன். தளும்பத் தளும்ப இருக்கும்."

"அப்புறம்?"

"மூடிட்டு, பொறி வர்ற பாயின்ட்டக் கழட்டித் துடைப்பேன். ஒரே ஒதை, ஸ்டார்ட் ஆயிடும். சில நாள் கழட்டினத மாட்ட முடியாமப் போகும், அன்னைக்குதான் லாரி."

"துடைக்காம ஒதைச்சுப் பாத்திருக்கீங்களா?"

"துடைக்காம எப்படிடி ஸ்டார்ட் ஆகும்? இதெல்லாம் உனக்குப் புரியாது. இது எலக்ட்ரிகல்!"

"ஆமாங்க. எனக்கு எண்ணெய் டின்னுதான் புரியும்." கையைத் துடைத்துக்கொண்டாள். "நான் இதைச் சரி பண்ணிக் குடுத்தா முன்அறையத் திருப்பித் தருவீங்களா?"

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்தது. கோபமும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததில் புரை ஏறியது. ஆபீஸ் தாளை எடுத்து எழுதினார்: 'என் வண்டியின் கோளாறை என் மனைவி சரிசெய்துவிட்டால் முன்அறை முழுவதும் அவளுக்கே. இல்லையேல் இனி இந்த வீட்டில் முன்அறை என்ற பேச்சே கிடையாது.' கையெழுத்துப் போட்டு, ரப்பர் ஸ்டாம்பும் குத்தினார். சாட்சி, லைன்மேன். தாளை அவனே சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

வியாழனும் வெள்ளியும் அவர் வண்டியை விட்டு நகரவில்லை. அவள் கை வைப்பதற்குள் முந்திக்கொள்ள வேண்டுமே! சனிக்கிழமை புதுக் கண்டன்சரைப் பூட்டி முடித்தார். ஞாயிறு காலை பெட்ரோலை விளிம்பு வரை ஊற்றிவிட்டுச் சட்டை மாற்றப் போனார். திரும்பி வந்தபோது மனைவி துணியால் டேங்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ரவிக்கைக் கழுத்தில் எப்போதும் குத்தியிருக்கும் தடித்த ஊசி அவள் கையில் இருந்தது.

"ஏய்! ஊசியோட அங்க என்ன? பெயின்ட்ல கீறல் விழப் போகுது!"

"அழுக்கு ஒட்டியிருந்துச்சுங்க. நோண்டி எடுத்துட்டேன். போயிட்டு வாங்க."

ஒன்பதாவது நிமிஷத்தில் இன்ஸ்பெக்டர் கைப்பிடியை இறுக்கினார். பத்தாவதில் பல்லைக் கடித்தார். பதினோராவதில் டிரைவிங் ஸ்கூல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. ஜன்னலில் மாஸ்டர் தயாராக நின்றார். வண்டி நிற்கவில்லை! மாஸ்டர் கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்ததை இன்ஸ்பெக்டர் கண்ணால் பார்த்தார். ஊர்வலம் முழுக்க ஓடியது. மேட்டில் ஏறியது, இறங்கியது, திரும்பி வந்தது. சங்கத் தலைவர் கை குலுக்கினார். கயிறு கயிறாகவே மூலையில் கிடந்தது.

மத்தியானம் வீட்டுக்குள் நுழையும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"கண்டன்சர்! நான் சொல்லல? கண்டன்சர்!"

"ஏங்க, காலைல நான் அந்த மூடியில ஊசியால..."

"ஊசியா? ஊசி போட்டா மனுஷனுக்குக் காய்ச்சல் விடும். வண்டிக்கு என்ன விடும்? நாலு வருஷம் மண்டைய ஒடைச்சுக்கிட்டவன் நான், பேரு உனக்கா?"

"அப்ப நான் சரி பண்ணல?"

"பண்ணல!"

"முன்அறை?"

"பேச்சே கிடையாது! எழுதியிருக்கு!"

அவள் ஊசியில் நூலைக் கோத்தாள். "சரிங்க" என்றாள்.

இருபத்தாறு வருஷத்தில் அந்தச் 'சரிங்க'வுக்குப் பின்னால் என்ன வரும் என்று அந்த மனுஷர் கற்றிருக்க வேண்டாமா? கற்கவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தூங்கப் போனார்.

சாயங்காலம் லைன்மேன் வந்தான். "கண்ணால பாக்காம நான் நம்ப மாட்டேன் சார்."

"ஏறுய்யா பின்னாடி!" பெட்ரோலை மறுபடி விளிம்பு வரை ஊற்றி மூடினார். ஹெல்மெட்டைத் தேடி உள்ளே போனார். மனைவி நூலுக்குத் தடவுகிற மெழுகுக் கட்டியைக் கையில் உருட்டியபடி, வண்டியைக் கடைசியாக ஒரு துடை துடைத்தாள்.

பதினோராவது நிமிஷம் வண்டி இருமியது. திக்கியது. நின்றது.

டிரைவிங் ஸ்கூல் கதவு படீரென்று திறந்தது. "வாங்க சார், வாங்க! காலைல ரொம்ப பயந்துட்டேன்" என்றார் மாஸ்டர். "சாயங்கால வகுப்பு, எல்லாரும் நோட்டோட வெளிய வாங்க."

இன்ஸ்பெக்டர் காலால் உதைத்தார். கையால் அறைந்தார். கண்டன்சரை, அதைச் செய்தவனை, அவனுக்குப் பாடம் சொன்னவனை எல்லாம் திட்டினார். அப்போது போன் அடித்தது. லைன்மேன் எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தான்.

"ஏங்க, டிரைவிங் ஸ்கூல் முன்னாடிதானே நிக்கிறீங்க?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"டேங்க் மூடியத் திறங்க."

திறந்தார். 'உஸ்' என்று டேங்க் காற்றை உள்ளே இழுத்தது. எத்தனையோ தடவை வந்த சத்தம்தான். தன்னுடைய சத்தத்தில் அவர் அதைக் கேட்டதே இல்லை.

"இப்ப எதையும் துடைக்காதீங்க. மூடிட்டு ஒதைங்க."

ஒரே உதை. வண்டி சிங்கம் மாதிரி உறுமியது. வகுப்பு மொத்தமும் கை தட்டியது.

"மூடி நடுவுல பாருங்க, என் நூல் மெழுகு இருக்கும். அதுக்கு முன்னாடி உங்க சிவப்புப் பசை இருந்துச்சு. உள்ள காத்து போனாத்தாங்க பெட்ரோல் கீழ இறங்கும். ரெண்டு ஓட்டை இல்லாம எண்ணெய் டின்னு கூட ஒழுங்கா ஊத்தாது."

இன்ஸ்பெக்டர் மூடியைப் பார்த்தார். யார் மேல் கோபப்படுவது என்று தேடினார். கண்டன்சர் குற்றமற்றது. காயில் குற்றமற்றது. வெள்ளைக்காரன் கூடக் குற்றமற்றவன். சீல் வைத்த கை ஒன்றுதான் மிச்சம், அது அவர் தோளிலிருந்தே தொங்கிக்கொண்டிருந்தது. லைன்மேன் சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து, மாஸ்டருக்கு விரித்துக் காட்டினான்.

"இரு, வீட்டுக்கு வந்து பேசிக்கிறேன்!" என்று போனைப் பார்த்துக் கத்தினார்.

"வாங்க. மெழுக நோண்டாம வந்தா சரியா பதினோரு நிமிஷம், வாசல் வரைக்கும் வந்துடும். ஆனா பின்பக்கமா வாங்க. முன்அறைக்கு நான் சீல் வச்சாச்சு."