புள்ளி மாஸ்டரும் பொட்டு வைத்த அட்டைகளும்

மரண வீட்டிலும் புள்ளி போடுகிற மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் எட்டு வருடம் என் பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

கரவெட்டிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் ஆசிரியர் அறை அது. யன்னலோரக் கதிரை அவருடையது, மின்விசிறிக் காற்று எட்டாத கதிரை என்னுடையது. பெற்றோர் அவருக்கு நல்ல பெயர் ஒன்று வைத்திருந்தார்கள். அது சம்பளப் பட்டியலோடு நின்றுவிட்டது. ஊருக்கும் உலகத்துக்கும் அவர் புள்ளி மாஸ்டர்.

படிப்பித்தது கணிதம். என்னைவிட நாலு வயது இளையவர். சட்டைப் பையில் எப்போதும் போன், அந்தப் போனில் எப்போதும் ஒரு புள்ளிப் பலகை. வகுப்புப் பிள்ளைகளுக்கென்று தொடங்கிய பழக்கம், பிறகு கண்ணில் பட்டதையெல்லாம் பிடித்துக்கொண்டது. தேத்தண்ணிக் கடை வடைக்கு ஏழு. அடுத்த நாள் நடுவில் வேகாததால் மூன்று. கடைக்காரர் அந்த மூன்றைத் தாங்கமாட்டாமல் பொரிக்கிற ஆளையே மாற்றினார். கைக்குழந்தையோடு ஏறிய பெண்ணுக்கு இடம் பிடித்துக் கொடுத்த பருத்தித்துறை பஸ் கொண்டக்டருக்குப் பத்து. அதற்குப் பிறகு அந்த பஸ்ஸில் ஆண்கள் சீற்றில் இருந்து பயணம் செய்ததாக வரலாறு இல்லை. நான் வரலாற்று மாஸ்டர், எனக்குத் தெரியும்.

மரண வீட்டுக் கதைக்கு வருகிறேன். எங்கள் பள்ளிக்கூடக் கந்தோரில் கணக்கு வழக்கு எழுதுகிற லிகிதரின் தகப்பனார் தவறிவிட்டார். முற்றத்தில் இரங்கல் உரை. நாலாவதாக எழும்பிய பிரமுகர், தான் சங்கத் தலைவரானதில் தொடங்கி மகன் கனடா போனதுவரை வந்துவிட்டார். புள்ளி மாஸ்டர் என் காதுக்குள் குனிந்தார்.

"அண்ணை, செத்தவரைப் பற்றி இன்னும் ஒரு வசனம் வரேல்லை. மைனஸ் அஞ்சு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். தோள் குலுங்குகிறது, நிறுத்த ஏலவில்லை. கண்ணால் தண்ணீர் வழிகிறது. லிகிதரின் மாமனார் ஓடிவந்து முதுகைத் தடவினார். "மாஸ்டர், மனதைத் தேற்றுங்கோ. உங்களுக்கு அவரிலை இவ்வளவு பட்சம் எண்டு எங்களுக்குத் தெரியாமல் போச்சே." சோடா உடைத்துத் தந்தார்கள். குடித்தேன். இன்றைக்கும் அந்த வீட்டில் எனக்குத் தனி மரியாதை.

வகுப்பில் அவர் செய்த கூத்து வேறு வகை. பனையிலிருந்து வருகிற தீனிகளின் பெயரில் நாலு குழு: ஒடியல், பினாட்டு, பணியாரம், பனங்கட்டி. வெளிநாட்டுப் பழைய மாணவர்கள் வாங்கித் தந்த திரையில் ஒரு தவளை இருக்கும். பின்னக் கணக்குச் சரியென்றால் தவளை பாய்ந்து அடுத்த இலையில் இருக்கும். பிழையென்றால் தொப்பென்று தண்ணீரில் விழும். மதில் பாய்ந்து வெளியே போகிற ஒன்பதாம் வகுப்புப் பெடியள், கணக்குப் பாடத்துக்கு மதில் பாய்ந்து உள்ளே வந்தார்கள்.

அடுத்த அறையில் நான். கையில் இருபத்திரண்டு வருடக் குறிப்புக் கொப்பி. முதல் பத்துப் பக்கங்களைக் கறையான் படித்து முடித்துவிட்டது. நான் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதுவார்கள். சுவருக்கு அப்பால் "பினாட்டு! பினாட்டு!" என்று கூரை கழலும். இடைவேளையில் புள்ளி மாஸ்டர் வந்து பக்கத்தில் இருந்து போனைத் தட்டுவார்.

"யன்னலாலை பாத்தனான் அண்ணை. மூண்டு பேர் நித்திரை. மைனஸ் மூண்டு."

"உவங்கள் வீட்டிலையும் நித்திரைதான் ஐசே."

"வீட்டிலை நீங்கள் இல்லையே அண்ணை."

எனக்கும் நவீனக் கருவிகளுக்கும் ஆகாது. எங்கள் பள்ளிக்கு ஸ்மார்ட் போட் வந்த முதல் நாளே அதில் அழியாத மார்க்கரால் தலைப்பு எழுதிய ஆள் நான்தான். 'வர' வரைக்கும் எழுதினேன். அதற்குள் பிள்ளைகள் குளறிக் கத்திவிட்டார்கள். எலுமிச்சம்புளி போட்டுத் தேய்த்தோம், மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தோம். இன்றும் பக்கவாட்டில் நின்று பார்த்தால் 'வர' தெரியும். புதிய ஆசிரியர்கள் அதை ஏதோ வரவேற்பு வாசகம் என்று நினைக்கிறார்கள்.

இப்படி இருக்கையில் ஒரு திங்கட்கிழமை பள்ளிக்கூட அதிபர் ரீச்சர் ஆசிரியர் எல்லாரையும் கூப்பிட்டு ஒரு கடிதத்தை வாசித்தார். கல்விப் பணிப்பாளர் வந்து வகுப்புகளைப் பார்வையிடப் போகிறாராம். விளையாட்டோடும் கருவியோடும் படிப்பிக்கிறோமா என்று பார்ப்பாராம். கடைசி வரியைத்தான் மெதுவாக வாசித்தார்: எங்கள் பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியரைத் தீவுப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு மாற்ற வேண்டும், ஆள் யாரென்பது பார்வையிட்ட பிறகு முடிவாகும்.

பதினெட்டுத் தலைகளும் ஒரேயடியாக என் பக்கம் திரும்பின. மின்விசிறி மட்டும் திரும்பவில்லை.

தீவு என்றால் வள்ளம். வடமராட்சிக் கடலை மோந்து வளர்ந்தவன் நான் என்றாலும், வள்ளத்தைக் கரையில் கவிழ்த்து வைத்திருந்தாலே எனக்குக் குமட்டிக்கொண்டு சத்தி வரும். உடுப்பிட்டியில் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்தபடியே கேட்டாள்: "அப்ப கிழமைக்கு ரெண்டு தரமோ வருவியள்?" குரலில் கவலை இருந்ததாகச் சத்தியம் பண்ண மாட்டேன்.

அடுத்த நாள் புள்ளி மாஸ்டரின் காலில் விழாத குறை.

"பயப்பிடாதேங்கோ அண்ணை. அட்டை விளையாட்டு ஒண்டு இருக்கு. கைக்குழந்தையும் செய்யும்."

முப்பத்தினாலு பிள்ளைகளுக்கு முப்பத்தினாலு அட்டை. ஒவ்வொன்றிலும் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள், ஒன்றுபோல் ஒன்றில்லை. ஒரு கேள்விக்கு நாலு விடை. முதலாவது சரியென்று நினைக்கிற பிள்ளை அட்டையை இந்தப் பக்கம் மேலே வரப் பிடிக்கும், இரண்டாவது என்றால் அந்தப் பக்கம். ஆசிரியர் போனை ஒருதரம் வகுப்புக்கு நேரே காட்டினால் போதும். எந்தப் பிள்ளை என்ன விடை என்று திரையில் விழுந்துவிடும். பிள்ளைகளிடம் போன் தேவையில்லை.

முதல் ஒத்திகையில் போனை மறுபக்கம் திருப்பிப் பிடித்து என் மூக்கைத்தான் படமெடுத்தேன். திரையில் 'விடை எதுவும் இல்லை' என்று வந்தது. "உண்மையைத்தான் சொல்லியிருக்கு," என்றார் புள்ளி மாஸ்டர். ஆனால் நாலாவது நாள் எனக்கே கை படிந்துவிட்டது. எட்டாம் வகுப்பு, போர்த்துக்கேயர் வருகை, பத்துக் கேள்வி, பத்துக்கும் திரை நிறைந்தது. நித்திரை ஒருவரும் இல்லை. அன்றைக்குத்தான் அவர் கையால் என் முதல் பிளஸ் ஒன்று.

அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம்.

பார்வைக்கு முதல்நாள் பள்ளியில் வாணி விழா. சரஸ்வதி படத்துக்கு முன்னால் புத்தகங்கள், வயலின், கொம்பாசுப் பெட்டி, லிகிதரின் கொம்பியூட்டர் எல்லாம் அடுக்கியிருந்தது. எனக்கு ஒரு யோசனை. கருவிக்குத்தானே பூசை? என் கருவி அட்டை அல்லவா? ஓடிப்போய் முப்பத்தினாலையும் தூக்கிவந்து அடுக்கினேன். ஐயர் பொதுவாகப் பூசை செய்துவிட்டுப் போனார். எனக்கு அது போதவில்லை. தீவு கண்ணுக்குள் நிற்கிறது. ஆளில்லாத நேரம் பார்த்து, ஒவ்வொரு அட்டைக்கும் நடுமத்தியில் என் கையால் சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம், மேலால் மூன்று குறி திருநீறு. குறை வைக்கவில்லை.

அடுத்த நாள் காலை. பணிப்பாளர் பிள்ளைகளுக்குப் பின்னால், கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தார். சிரிப்பைச் சின்ன வயதிலேயே தொலைத்துவிட்ட முகம், காலில் மினுங்கல் சப்பாத்து. பக்கத்தில் அதிபர் ரீச்சர். விறாந்தையில், யன்னலுக்கு வெளியே, கையில் போனோடு புள்ளி மாஸ்டர். ஒடியல் முதல் பனங்கட்டிவரை நாலு குழுவின் பெயரும் திரையின் ஓரத்தில் தயார். அதை அவர் தன் போனிலிருந்தே நடத்துவார்.

முதலாவது கேள்வியைக் கேட்டேன். முப்பத்தினாலு அட்டைகளும் எழும்பின. போனைக் காட்டினேன்.

பூச்சியம்.

கிட்டப் போய்க் காட்டினேன். பூச்சியம். கதிரையில் ஏறி நின்று காட்டினேன். முன்வாங்குச் சிறுமி மெல்லச் சொன்னாள், ஆனால் வகுப்புக்கே கேட்டது: "சேர், நேற்றுச் சந்தனம் பூசிவிட்டியள். போனுக்குக் கட்டம் தெரியேல்லையாக்கும்."

யன்னலில் புள்ளி மாஸ்டரின் வாய் திறந்தது, மூடவில்லை. நான் கீழே இறங்கி, சட்டைப் பையிலிருந்த லேஞ்சியை எடுத்து முதலாவது அட்டையைத் துடைத்தேன். அதுவரை நடுவில் நின்ற சந்தனம் இப்போது அட்டை முழுவதும் பரவியது. அறை கோயில் மாதிரி மணந்தது. பணிப்பாளர் பேனையைத் திறந்து எதையோ எழுதினார். எனக்குக் காதுக்குள் அலை இரைந்தது. வள்ளம் ஆடியது. பின்னாலிருந்த கதிரையில் தொப்பென்று விழுந்தேன், அந்தத் தவளையைப் போல.

கதிரை.

இருபத்திரண்டு வருடமாக அந்தக் கொப்பியில் ஒரு பட்டியல் கிடக்கிறது: போர்த்துக்கேயர் எங்களிடம் விட்டுவிட்டுப் போன சொற்கள். முதலாவது சொல், கதிரை. பிள்ளைகளை எழுத வைத்து எழுத வைத்து நித்திரையாக்கிய அதே பட்டியல்.

எழும்பிக் கத்தினேன்: "அட்டையை வையுங்கோ! போர்த்துக்கேயரின்ரை பேர் இருக்கிற சாமான் இந்த அறைக்குள்ளை எவ்வளவு இருக்கு? ஓடித் தொட்டுச் சொல்லுங்கோ! ஒண்டுக்கு ஒரு புள்ளி!"

யன்னலிலிருந்து 'டிங்' என்று ஒரு மணி. புள்ளி மாஸ்டர் தொடங்கிவிட்டார்.

பிறகு நடந்ததை வகுப்பு என்று சொல்ல ஏலாது. மேசை! டிங். அலுமாரி! டிங். யன்னல், வாங்கு, கடுதாசி! ஒடியல் குழு விறாந்தைக்கே ஓடி விறாந்தையைத் தொட்டது. பணியாரக் குழுப் பெடியன் ஒருவன் பணிப்பாளரின் கையிலிருந்த பேனையைத் தொட்டான். டிங். அந்த முன்வாங்குச் சிறுமி வாங்குக்குக் கீழால் நுழைந்துபோய்ப் பணிப்பாளரின் காலைக் கட்டிப் பிடித்தாள். "சப்பாத்து! பினாட்டுக்கு!"

அதிபர் ரீச்சர் கண்ணை மூடிக்கொண்டார்.

நீண்ட மணி அடித்தது. நேரம் முடிந்தது. பிள்ளைகள் மூச்சிளைத்துக்கொண்டு நிற்க, பணிப்பாளர் தன் பையைத் திறந்து கடுதாசியில் சுற்றிய ஒரு சாப்பாட்டுப் பார்சலை எடுத்து மேசையில் வைத்தார்.

"பாண். என்ரை மனுசி கட்டித் தந்தது. இதுவும் போர்த்துக்கேயச் சொல்தானே, புள்ளி இல்லையோ?"

யன்னலிலிருந்து குரல் வந்தது: "இல்லை சேர். மணி அடிச்சிட்டுது. பிந்தினால் ஆருக்கும் இல்லை."

என் சீவன் தீவுக்கு வள்ளம் ஏறுகிற குறிகட்டுவான் இறங்குதுறைக்கே போய்விட்டது. பணிப்பாளர் யன்னலைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், காலடியில் இருந்த சிறுமியைப் பார்த்தார். பிறகு தொலைத்த சிரிப்பைக் கண்டெடுத்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். படிவத்தில் அவர் எழுதியதை அதிபர் ரீச்சர் பிறகு எனக்குக் காட்டினார்: 'பாடம் மிக நன்று. கருவிகளுக்குப் பொட்டு வைப்பதைத் தவிர்க்கவும்.'

அன்று மத்தியானம் நான் நடக்கவில்லை, மிதந்தேன். ஆசிரியர் அறையில் புள்ளி மாஸ்டர் தன் அலுமாரியை வெறுமையாக்கிக்கொண்டு நின்றார்.

"என்ன ஐசே, துப்பரவோ?"

"தீவுக்குப் போறன் அண்ணை. கேட்டுத்தான் போறன். அங்கை கணக்குக்கு ஆளில்லையாம். போன கிழமையே கடிதம் குடுத்திட்டன்."

"போன கிழமையோ? அப்ப என்னை மாத்தவே மாட்டாங்கள் எண்டு உமக்கு முதலே தெரியும்?"

"ஓம்."

"நான் நித்திரையில்லாமல் செத்தனான்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தால் பழைய கொப்பியை எடுத்துக்கொண்டெல்லே வகுப்புக்குப் போயிருப்பியள்."

அவருடைய புத்தகக் கட்டை நான்தான் தூக்கிக்கொண்டுபோய் பஸ்ஸில் ஏற்றினேன்.

யன்னலோரக் கதிரை இப்போது எனக்கு. நல்ல காற்று. வகுப்பில் நாலு குழு வைத்திருக்கிறேன். அட்டைகளை மீண்டும் அச்சடித்தோம், பூசை அறைப் பக்கம் கொண்டுபோவதில்லை. பின்னேரங்களில் போனில் ஒரு செய்தி வரும்: 'எத்தனை பேர் நித்திரை?' ஒருவரும் இல்லை என்று எழுதிவிட்டு அந்த ஒரு பிளஸுக்காகக் காத்துக்கொண்டு நிற்பேன், சோறு ஆறினாலும்.

போன விடுமுறைக்குக் குறிகட்டுவானில் வள்ளம் ஏறினேன். ஓம், நான்தான். சத்தி வராமல் மோந்துகொண்டு போக மனைவி தேசிக்காய் ஒன்று தந்துவிட்டாள். போய்ச் சேர முதல் இரண்டு தரம் சத்தி எடுத்தேன். இறங்குதுறையில் புள்ளி மாஸ்டர் போனோடு நின்றார்.

"ரெண்டு தரம் சத்தி, மைனஸ் ரெண்டு. வந்ததுக்குப் பத்து. எட்டு, அண்ணை."

வாற தவணை விடுமுறைக்கும் போகிறேன். பத்தையும் முழுதாக எடுக்க வேண்டும்.