அம்ஸ்ரடாமில் பன்னிரண்டாம் இலக்க வீடு

வழி கேட்பதைவிட வழி தவறிப் போவதே கௌரவம் என்று நம்புகிற ஆண்களில் நானும் ஒருவன். இப்போது கொஞ்சம் திருந்திவிட்டேன். (திருந்தவில்லை என்பது என் மனைவியின் கருத்து. அவள் கருத்துகளை நான் அச்சில் மறுப்பதில்லை.) இருபத்தொன்பது வயதில் என் கையில் ஒரு வரைபடம் கிடைத்துவிட்டால், அந்த ஊருக்கு அத்திவாரம் போட்டவனே நான்தான் என்பது போல நடப்பேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. நான் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் விவசாயப் போதனாசிரியர். எங்கள் பக்கத்துத் தோட்டங்களுக்கு உருளைக்கிழங்கு விதை ஒல்லாந்திலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. அந்த விதைக்கிழங்கைப் பழுதாகாமல் வைத்திருப்பது எப்படி என்று படித்துவர, ஒல்லாந்துக்கே இரண்டு பேரை மூன்று கிழமைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். உத்தியோகத்தர் சார்பில் நான். தோட்டம் செய்யும் கமக்காரர் சார்பில் அச்சுவேலித் திரவியண்ணை.

திரவியண்ணைக்கு ஐம்பது வயதிருக்கும். ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் கிழங்கொன்றைக் கையில் எடுத்தால் அதன் சாதகத்தையே சொல்லிவிடுவார். வெள்ளைக்காரப் பேராசிரியர்கள் இரண்டாம் நாளே என்னை விட்டுவிட்டு அவரைச் சுற்றி நிற்கத் தொடங்கினார்கள். நான் மொழிபெயர்ப்பாளனாகத் தேய்ந்துபோனேன். அந்தப் புண்ணோடுதான் கடைசி ஞாயிற்றுக்கிழமை விடிந்தது.

அன்று விடுமுறை. பயிற்சி நிலையத்து வாகனம் எங்களைத் தலைநகரான அம்ஸ்ரடாமில் இறக்கிவிட்டு, நாலு மணிக்குப் புகையிரத நிலையத்துக்கு முன்னால் நிற்கும்படி சொல்லிவிட்டுப் போனது. பயிற்சி நிலையத்துக் கந்தோரில் இருந்த பெண் என்னிடம் ஒரு மடிப்புத் தாள் தந்திருந்தாள். பழைய நகரத்தை வழிகாட்டி இல்லாமல் தாங்களாகவே நடந்து பார்க்கிறவர்களுக்கான தாள். வரைபடத்தில் ஒன்றிலிருந்து இருபது வரை இலக்கங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் இரண்டு வரி விளக்கம்.

"ஆரையும் கேட்டுப் போவமே தம்பி?" என்றார் திரவியண்ணை.

"என்னத்துக்கு அண்ணை? இருபது இடமும் நானே காட்டுறன். எனக்கு ஒல்லாந்தர்ரை பாஷையும் கொஞ்சம் தெரியும்."

"மெய்யே?"

"ஓம். கந்தோர், லாச்சி, போஞ்சி, கக்கூசு. எல்லாம் அவங்கடை சொல்லுத்தான். எங்களிட்டை விட்டிட்டுப் போனவங்கள்."

அலுவலகம், மேசை இழுப்பறை, பீன்ஸ், கழிப்பறை என்ற நாலு சொல்லில் ஒரு பட்டினத்தைச் சுற்றிவரலாமா என்று திரவியண்ணை யோசித்திருப்பார்.

இனி உண்மையைச் சொல்கிறேன். முதல் அரை மணித்தியாலத்திலேயே என் வாய் பிளந்துவிட்டது. அப்படி ஓர் ஊரை நான் கனவிலும் கண்டதில்லை. தெருவுக்குத் தெரு வாய்க்கால். வாய்க்காலின் இரு கரையிலும் ஒடுங்கி உயர்ந்த செங்கல் வீடுகள், ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்தபடி. ஒவ்வொரு வீட்டு உச்சியிலும் ஒரு மரக்கையும் கொளுக்கியும். படிகள் ஒடுக்கம் என்பதால் சாமான்களைக் கயிறு கட்டி அதில்தான் மேலே இழுப்பார்களாம். முந்நூறு வருடத்துக்கு முன், ஒல்லாந்தர் எங்களை ஆண்ட காலத்தில், எங்கள் கறுவாப்பட்டையும் அந்தக் கொளுக்கிகளில் தொங்கியிருக்கும் என்று நினைத்தபோது கழுத்து வலிப்பதையும் மறந்து அண்ணாந்து நின்றேன். கால் மணித்தியாலத்துக்கு ஒரு தடவை ஏதோ ஒரு கோபுரத்து மணிகள் சேர்ந்து பாட்டே வாசித்தன. ஊர் முழுவதும் சேற்றில் இறக்கிய மரத்தூண்களின் மேல் நிற்கிறது என்று தாள் சொன்னது. அதை மொழிபெயர்த்ததும் திரவியண்ணை காலை மெல்லத் தூக்கி வைத்து நடக்கத் தொடங்கினார்.

அவருடைய வியப்பு வேறு. "இவ்வளவு தண்ணி சும்மா கிடக்குதே தம்பி! உவர் தண்ணியோ?" என்று கேட்டவர், நான் தாளைப் புரட்டுவதற்குள் கற்படியில் இறங்கி, விரலை விட்டு நக்கியே பார்த்துவிட்டார். கோடையில் கிணறு உவராகிப் பயிர் கருகுவதைக் கண்ட மனிதர். தலைநகர் மக்கள் சிலர் சைக்கிளை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள்.

"பரவாயில்லை. வெங்காயத்துக்கு விடலாம்" என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டு ஏறி வந்தார்.

பதினோராம் இலக்கம் வரை எல்லாம் சரியாகவே போனது. பன்னிரண்டாவது, ஒரு பழைய வணிகரின் வீடு. 'அக்காலத் தளபாடங்களுடன் அப்படியே பேணப்பட்டுள்ளது. மணியை அடித்து உள்ளே செல்லலாம்' என்று போட்டிருந்தது. வாய்க்கால் திரும்பும் இடத்தில் ஒரு வீட்டுக் கதவிலே பெரிதாக 12 என்று எழுதியிருந்தது.

தாளில் இருந்தது பார்க்கவேண்டிய இடத்தின் இலக்கம், கதவில் இருந்தது வீட்டின் இலக்கம் என்பது இப்போது ஒரு குழந்தைக்கும் விளங்கும். அன்று எனக்கு விளங்கவில்லை. அதற்கு என் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அந்த வீட்டு யன்னல் ஓராள் உயரம். கம்பி இல்லை, திரை இல்லை. தெருவில் நின்றே உள்ளே கறுத்த மர அலுமாரி, நீலப் பூப்போட்ட பீங்கான்கள், தண்ணீர் சுடவைக்கும் செம்புக் கேத்தில் என்று எல்லாம் தெரிந்தன. யன்னலுக்குக் குறுக்கே வண்ணக் கடதாசி மாலை வேறு. ஆறடி வேலி அடைத்து, அதற்குள் நின்று பேசுவதும் வெளியே கேட்கக்கூடாது என்று நினைக்கிற ஊரிலிருந்து வந்தவன் நான். மனிதர் குடியிருக்கிற வீட்டை எவராவது இப்படித் திறந்து வைப்பார்களா? ஆகவே இது காட்சிச்சாலைதான்.

மணியை அடித்தேன். உயரமான ஒரு பெண், நாற்பத்தைந்து வயதிருக்கும், கதவைத் திறந்து, எங்களைப் பார்த்து ஒரு கணம் தயங்கி, பிறகு சிரித்துக் கை தந்தாள். தொண்டையைச் செருமுவது போல ஆரம்பிக்கிற ஒரு நீண்ட சொல்லைச் சொன்னாள். 'வரவேற்கிறோம்' என்பதாக்கும் என்று நினைத்து நானும் அதே சொல்லைச் செருமிச் சொன்னேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

உள்ளே பதினைந்து பேர் அளவில் வட்டமாகக் கதிரை போட்டு இருந்தார்கள். எங்களைப் போலப் பார்க்க வந்தவர்கள் என்று நினைத்தேன். ஒவ்வொருவராக எழுந்து கை தந்து அதே சொல்லைச் சொன்னார்கள். நானும் சொன்னேன். திரவியண்ணையும் சொன்னார். (என்னைவிடத் திருத்தமாகச் சொன்னார் என்பதை வயிற்றெரிச்சலோடு ஒப்புக்கொள்கிறேன்.) கோப்பியும் ஆளுக்கொரு துண்டு கேக்கும் வந்தன. பிறகு ஒரு தகரப்பேணி நிறைய பிஸ்கற் கொண்டு வந்து, ஆளுக்கொன்று எடுத்ததும் டப்பென்று மூடிவிட்டார்கள்.

"என்ன கோதாரி இது! ஒண்டைக் குடுத்திட்டு மூடிப்போட்டினம்" என்று திரவியண்ணை என் காதுக்குள் முணுமுணுத்தார்.

"உஷ், அண்ணை. உது அந்தக் காலத்து வழக்கத்தைக் காட்டுறாங்கள்."

கோப்பி முடிந்ததும் எழுந்தேன். மூன்று கிழமையாக இழந்திருந்த மதிப்பை மீட்க இதைவிடத் தருணம் வராது. அலுமாரியைத் தட்டிப் பார்த்தேன். லாச்சியை இழுத்து அதன் மூட்டு வேலையைக் காட்டினேன். அறையில் பேச்சுக் குறைந்து வந்தது. என் விளக்கத்தை இரசிக்கிறார்கள் என்று நினைத்துக் குரலை இன்னும் உயர்த்தினேன்.

மூலையில், கணப்புக்குப் பக்கத்தில், உயர்ந்த முதுகுள்ள கதிரையொன்றில் அந்த வணிகர் இருந்தார். வெள்ளை மீசை, கழுத்தில் பட்டுத் துணி, மடியில் கோத்த கைகள், மூடிய கண்கள். அசைவே இல்லை.

"இஞ்சை பாருங்கோ அண்ணை! வீட்டுச் சொந்தக்காரரை மெழுகிலை செய்து இருத்தியிருக்கிறாங்கள். மீசை மயிர் ஒவ்வொண்டா நட்டிருக்கு. என்ன வேலைப்பாடு!"

திரவியண்ணை குனிந்து பார்த்தார். கிழங்கைப் பார்க்கிற அதே கண்.

"தம்பி, தொடாதேங்கோ" என்றார் மெதுவாக.

சொல்லி முடிப்பதற்குள் என் சுட்டுவிரல் வணிகரின் கன்னத்தில் இருந்தது. கன்னம் சூடாக இருந்தது. உள்ளே அமுங்கி, திரும்பி வந்தது. பிறகு ஒரு நீலக் கண் திறந்தது.

கடதாசி மாலை, கேக், கைகுலுக்கல், வட்டக் கதிரைகள் எல்லாம் ஒரே நேரத்தில் எனக்கு விளங்கின. யாரோ ஒரு குடும்பத்தின் விசேஷத்தில், யாருமே அழைக்காமல் வந்து, கேக்கும் தின்று, லாச்சியும் திறந்து, வீட்டுப் பெரியவரின் கன்னத்தையும் குத்தியிருக்கிறேன்.

பொலிசைக் கூப்பிடப் போகிறார்கள் என்று நினைத்தேன். அந்த நாட்களில், இராணுவச் சோதனைகளால், யாழ்ப்பாணத்து இளைஞனின் கைக்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது முறைத்துப் பார்த்தாலே அது சட்டைப் பைக்குப் போய் அடையாள அட்டையை எடுத்து நீட்டிவிடும். என் கையும் தானாகப் போய்க் கடவுச்சீட்டை எடுத்து, கதவு திறந்த அந்தப் பெண்ணிடம் நீட்டியது. அவள் திகைத்துப்போய் வாங்கிக்கொண்டாள். எனக்கு எப்படியாவது அந்த அறையை விட்டு வெளியேற வேண்டும். அதற்கு ஒரு வழிதான் தோன்றியது. ஆங்கிலம் முழுவதும் மறந்துபோய்விட்டது. நாலு சொல்லில் ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தது.

"கக்கூசு?" என்றேன்.

முதலில் சிரித்தது அந்த முதியவர். கதிரையே ஆடியது. காது மந்தமான அவருக்கு அன்று பகல் முழுவதும் கேட்ட ஒரே சொல் அதுதானாம். பிறகு அறை முழுவதும் வெடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே அந்தப் பெண் எனக்கு ஆங்கிலத்தில் விளக்கினாள். பெயர் யொஹானா. முதியவர் அவள் தந்தை, அன்று அவருக்குத் தொண்ணூறாவது பிறந்தநாள். எல்லாரும் செருமிச் சொன்ன அந்த நீண்ட சொல் வாழ்த்தாம். எங்களைத் தம்பி அழைத்திருக்கிறான் என்று அவளும், அக்கா அழைத்திருக்கிறாள் என்று அவள் தம்பியும் நினைத்திருக்கிறார்கள். நான் கேட்ட கக்கூசு என்ற சொல்லை இப்போது அங்கே ஒருவரும் சொல்வதில்லை. மரியாதைப்பட்டவர்கள் அந்தக் காலத்திலேயே சபையில் சொன்னதில்லை.

காட்டிய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். தப்பி ஓட யன்னல் இல்லை. சுவரில் ஒரு நாட்காட்டி தொங்கியது. நாட்களுக்கு எதிரே பெயர்கள். சொந்தபந்தங்களின் பிறந்தநாட்களை எழுதி, தினமும் கண்ணில் படட்டும் என்று அங்கேதான் தொங்கவிடுவார்களாம்.

வெளியே வந்தபோது திரவியண்ணையின் மடியில் பிஸ்கற் பேணி முழுவதும் இருந்தது. முதியவர் ஒரு தேசப்படப் புத்தகத்தை எடுப்பித்து, நாங்கள் எந்த ஊர் என்று கேட்டார். இலங்கையின் தலைப்பக்கத்தில் விரலை வைத்தேன். "அங்கே எங்களுடைய கோட்டை ஒன்று இருக்கிறதே, இப்போதும் நிற்கிறதா?" என்று கேட்டாராம். யொஹானா மொழிபெயர்த்தாள்.

"நிற்கிறது. ஆனால் இப்போது அதற்குள் இராணுவம் இருக்கிறது, பக்கத்தில் ஒருவரும் போக முடியாது" என்றேன். அதை அவர் காதில் அவள் சத்தமாகச் சொன்னாள். அவர் என் கையைப் பிடித்தவர் கொஞ்ச நேரம் விடவில்லை.

இவர்கள் மறந்த ஒரு சொல் கடல் தாண்டி வந்து, எங்கள் வளவுகளின் பின்மூலையில் முந்நூறு வருடம் உயிரோடு இருந்திருக்கிறது. கோபுரங்களைப் பார்த்துத் திறந்த என் வாய் அதை நினைத்து மறுபடியும் திறந்தது. புறப்படும்போது யொஹானா என் விலாசத்தைக் குறித்துக்கொண்டு கடவுச்சீட்டைத் திருப்பித் தந்தாள். நாலு மணி வாகனத்துக்கு அவள் தம்பிதான் எங்களைக் கூட்டிக்கொண்டு போனான். வழி காட்டும் உரிமையை நான் கோரவில்லை.

ஊர் திரும்பியதும், பார்க்காதவற்றையும் சேர்த்து, இருபது இடங்களைப் பற்றியும் வீட்டில் விளக்கமாகச் சொன்னேன். பன்னிரண்டாவதைப் பற்றி, "நல்ல தளபாடங்கள்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். திரவியண்ணையிடமும் சத்தியம் வாங்கியிருந்தேன்.

அடுத்த வருடம், என் பிறந்தநாள் கழிந்து ஐந்து மாதத்தின் பின், எங்கெங்கோ தடைபட்டுக் கசங்கிய கடித உறையொன்று வந்து சேர்ந்தது. என் மனைவி பவானிதான் திறந்தாள். பிறந்தநாள் வாழ்த்து. பூப்படம். கீழே ஒரு பெண்ணின் கையெழுத்து.

"உது ஆர் யொஹானா?"

"அது... அங்கை தெரிஞ்ச ஒரு ஆள்."

"உங்கடை பிறந்தநாள் எனக்கே ஞாபகம் வாறேல்லை. உவவுக்கு எப்பிடித் தெரியும்?"

"கடவுச்சீட்டைக் காட்டினனான்."

"ஏன் காட்டினனீங்கள்?"

இந்தக் கேள்விக்கு உண்மையைத் தவிர வேறு பதில் இல்லை. கன்னத்தைக் குத்தியதை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் சொன்னேன். அவள் நம்பவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு அச்சுவேலிக்குப் போய்ச் சாட்சியைக் கூட்டி வந்தேன்.

வாழ்த்தின் அடியில் இருந்த இரண்டு வரியை நானே வாசித்துச் சொல்ல வேண்டியிருந்தது. கடவுச்சீட்டில் இருந்த என் பெயரை யொஹானா அன்றே அந்த நாட்காட்டியில் எழுதிவிட்டாளாம். தகப்பன் பெயரும் என் பெயருமாக நீண்டு, அது மூன்று நாட்களின் மேல் படுத்திருக்கிறதாம்.

"அப்ப உங்கடை பேர் அங்கை கக்கூசிலை எழுதிக் கிடக்கு" என்றாள் பவானி.

திரவியண்ணை தேத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டு, "அது மட்டுமில்லைப் பிள்ளை" என்று தொடங்கினார். சத்தியம் பறந்தது. கன்னத்தைக் குத்தின கதையை அவர் எழுந்து நின்று நடித்தே காட்டினார். பவானி சிரித்துச் சிரித்து நிலத்தில் இருந்துவிட்டாள்.

அதன் பிறகு எத்தனையோ இடம் பெயர்ந்தோம். தளபாடம் எல்லாம் போனது. இந்தக் கதை மட்டும் சேதமில்லாமல் கூடவே வந்தது. கலியாண வீட்டிலோ கோயில் மண்டபத்திலோ வயதான மனிதர் யாராவது கதிரையில் கண்ணயர்ந்திருந்தால் போதும், பவானி என் பக்கம் சரிந்து, "தொட்டுப் பாராதேங்கோ. உயிரோடைதான் இருக்கிறார்" என்பாள். பிள்ளைகளும் பழகிவிட்டார்கள்.

போன கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு விறாந்தையில் சற்றுக் கண்ணயர்ந்துவிட்டேன். கன்னத்தில் ஏதோ குத்தியது. கண்ணைத் திறந்தால் பவானி விரலை நீட்டியபடி குனிந்து நிற்கிறாள்.

"மெழுகில்லை" என்று உள்ளே பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். "அப்பாதான். தேத்தண்ணி போடுங்கோ."