எறிந்தவன் மட்டும் குற்றவாளி

குவார்ட்டர்பேக் நீதிபதி என்று ஓர் உயிரினம் உண்டு. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் எந்த ஊரில் கல்லை விட்டெறிந்தாலும் இவர்களில் ஒருவர் மேல்தான் விழும். விழுந்ததும் தலையைத் தடவிக்கொண்டே, "எறிஞ்சவன் கை சரியில்லை" என்பார். கல் சரியில்லை, காற்று சரியில்லை என்று மறந்தும் சொல்ல மாட்டார்.

வார்லோ ஊரில் இந்த இனத்தின் அசல் மாதிரி டயர் கடை மெர்ல் கான்ட்ஸ். பள்ளிக்கூட அணி வெள்ளிக்கிழமை ஆடிய அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தைச் சனிக்கிழமை காலை உணவக மேஜையில் மறுபடி ஆடிக் காட்டுவார். பந்தை எறிகிற குவார்ட்டர்பேக், கெச்சப் பாட்டில். அவனைக் காக்கச் சுவராக நிற்க வேண்டிய தடியர்கள், உப்பும் மிளகும் கடுகுப் புட்டியும். ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்கிறவன், சர்க்கரைப் பொட்டலம். உப்பும் மிளகும் கதவைத் திறந்து எதிரணியை உள்ளே விட்டிருந்தாலும், பொட்டலத்தின் கைக்கு வந்த பந்து வழுக்கி விழுந்திருந்தாலும், ஓரத்தில் நின்று அடுத்து என்ன ஆடுவது என்று சொல்கிற கோச் தூக்கத்தில் சொல்லியிருந்தாலும், கடைசியில் மெர்லின் விரல் போய்த் தட்டுவது கெச்சப் பாட்டிலின் மண்டையைத்தான்.

ஜெயித்தால்? அதற்கும் தீர்ப்பு தயார். "அந்த மாதிரி பிடிக்கிற பசங்க இருந்தா எங்க வீட்டுப் பூனைகூட எறியும்!"

ஒரே ஒரு குவார்ட்டர்பேக்குக்கு மட்டும் மன்னிப்பு உண்டு. முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு பருவம் முழுக்கத் தோற்றவன் அவன். பாவம், அவனுக்கு முன்னால் நின்றவர்கள் சல்லடை, பிடிக்கப் போனவர்கள் கையில் வெண்ணெய், கோச்சுக்கு மூளையே கிடையாது. அந்தப் பையனின் பெயர் மெர்ல் கான்ட்ஸ்.

இப்போது எறிகிற பையன் டோபின் ரூவார்க். அவன் அம்மா ஜோலீன்தான் அந்த மேஜைக்குக் காபி ஊற்றுகிறவள். தன் மகனாக நிற்கிற கெச்சப் பாட்டிலின் மண்டையில் விரல் தட்டுவதைப் பார்த்துக்கொண்டே, "இன்னும் காபி வேணுமா, இல்ல திட்டி முடிச்சாச்சா?" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பு உதட்டோடு நின்றுவிடும் என்பதை மேஜையில் யாரும் கவனித்ததில்லை.

வசந்தத்தில் அணி இரண்டாகப் பிரிந்து தனக்குள்ளேயே ஆடிப் பார்க்கும். அன்றைக்கு ஒரு வழக்கம்: குலுக்கலில் யார் பெயர் வருகிறதோ அவர் கோச்சின் இடத்தில் நின்று, அடுத்து என்ன ஆடுவது என்று மூன்று தடவை சொல்லலாம். பெயர் வந்தது மெர்லுக்கு. அடுத்த பருவத்துக்கு டோபினா, வேறு பையனா என்பதை அன்றைய ஆட்டத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன் என்று கோச் ஹாஸ்கெட் சொல்லியிருந்தார்.

டோபினுக்கு முன்னால் நின்றவை ஒன்பதாம் வகுப்புப் பொடிசுகள். தலைக்கவசத்துக்குள் தலை எங்கே என்று தேட வேண்டும்.

"தூரமா எறி," என்றார் மெர்ல்.

"சார், அதுவரைக்கும் இவங்க தாங்க மாட்டாங்க. பக்கத்துல எறியட்டுமா?"

"எனக்கே சொல்லித் தர்றியா? தூரமா எறிடா!"

டோபின் கையை ஓங்கினான்; பொடிசுகளைத் தள்ளிக்கொண்டு வந்தவர்கள் மேலே பாய, விழுந்தான். மறுபடியும் தூரம்; மறுபடியும் மண். மூன்றாவதும் தூரமே. விழுந்துகொண்டே அவன் எறிந்த பந்து எதிரணிக்காரன் மடியில் சமர்த்தாகப் போய் உட்கார, அவன் உலாவப் போகிறவன் மாதிரி ஓடி எல்லைக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்தான். "ரூவார்க்கை உட்கார வை!" என்று பார்வையாளர் படி முழுக்கக் கூச்சல். சொன்னவரை உட்கார வை என்று ஒரு குரல்? ஊஹூம்.

டோபின் வாயிலிருந்த புல்லைத் துப்பிவிட்டு வந்து, "ஸாரி சார்," என்றான்.

திட்டியிருந்தால் மெர்ல் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். இந்த 'ஸாரி சார்' காதுக்குள் போன கொசுவாக இரவெல்லாம் பாடியது.

மறுநாள் மேஜைக்கு ஹாஸ்கெட்டும் வந்து உட்கார்ந்தார். மெர்லின் கூட்டாளி ஆரின் ஆரம்பித்தார்: "நீ சொன்ன ஆட்டம் பிரமாதம்ப்பா. பையன்தான் கெடுத்துட்டான். நல்ல குவார்ட்டர்பேக்னா அதுலயும் தப்பிச்சிருப்பான்!"

எல்லாம் மெர்லின் சொந்த வசனம். தலையை ஆட்டினால் போதும், வேலை முடிந்தது. ஜோலீன் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். இன்றைக்குக் கேலி இல்லை. கோச்சின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் கோப்பை வழிவதைக் கவனிக்கவில்லை.

"பையன் மேல தப்பில்ல," என்றார் மெர்ல். "அந்தப் பொடிசுங்களை வச்சுக்கிட்டுத் தூரமா எறின்னு மூணு தடவையும் சொன்னவன் அடிமுட்டாள்."

"யாரு, கோச்சா?" என்றார் ஆரின், அப்பாவியாக.

"நான்டா!"



"தெரியும்," என்றார் ஹாஸ்கெட், ஆம்லெட்டைக் குத்தியபடி. "டோபின்தான் ஆடறான்னு நேத்தே முடிவு பண்ணிட்டேன். இதை உன் வாயால கேக்கத்தான் இங்க வந்தேன்."

ஜோலீன் மெர்லின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "உடம்பு கிடம்பு சரியில்லையா உங்களுக்கு?" இந்தத் தடவை சிரிப்பு கண்வரைக்கும் போனது.

திருந்திவிட்டார் என்றா நினைத்தீர்கள்? இலையுதிர் காலத்தில் டோபின் முதல் ஆட்டத்தை ஜெயித்தான். மறுநாள் மெர்ல் மேஜையில் சாய்ந்து உட்கார்ந்து, "அவனுக்கு அடி தாங்கக் கத்துக் குடுத்தது யாருன்னு நெனைக்கிறீங்க?" என்றார்.

சிரியுங்கள், சிரியுங்கள். உங்கள் பையன் கணக்கில் கோட்டை விட்டால் வாத்தியார் சரியில்லை, கேள்வித்தாள் மோசம், பரீட்சை அறையில் மின்விசிறி சுற்றவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் கோட்டை விட்டால் அவனுக்கு மூளை போதாது. அப்படித்தானே? மெர்லாவது ஆயுளில் ஒரு தடவை, நாலு பேர் கேட்க, "நான்டா" என்று சொன்னார்.

நீங்கள் எப்போது சொன்னீர்கள்?