மாப்பிள்ளை வீடு கட்ட வந்த விவரம்

அனுமந்தன்பட்டி,
வெகுதானிய வருஷம், வைகாசி மாதம்.

மகாராஜராஜஸ்ரீ மச்சான் ஞானசிகாமணி அவர்கள் சமூகத்துக்கு, மைத்துனன் சுருளியாண்டி அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. சுருளி வேலப்பர் கிருபையால் இவ்விடம் நானும் அன்னத்தாயும் பிள்ளைகளும் மாடு கன்றும் க்ஷேமம். க்ஷேமம் என்று முதலில் எழுதிவிட்டால் பிற்பாடு வருவதைக் கேட்டு அக்கா பயப்பட மாட்டாள் என்பதால் எழுதினேன். அக்காவை உட்கார வைத்துக்கொண்டு வாசிக்கவும்.

விஷயம் என்னவென்றால், தங்கள் ஏக புத்திரன் மாப்பிள்ளை செல்வமணியைத் தாங்கள் உடனே வந்து மதுரைக்கு அழைத்துப் போக வேண்டியது.

மாசி மாதம் இவ்வூர்க் கிழக்குத் தெருவில் தீப்பிடித்துக் குடிசைகள் வெந்துபோனது தாங்கள் அறிந்ததே. நம் வயலில் நாற்று நடுகிற சனம். அன்று முதல் வாய்க்கால் கரைப் புளியமரத்தடியில்தான் சமைப்பதும் படுப்பதும். ஆனி பிறந்தால் மேற்கு மலையிலிருந்து சாரல் இறங்கிவிடும், கைப்பிள்ளைக்காரிகள் என்ன செய்வார்கள் என்று நான்தான் போன தடவை தங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே சொன்னேன். சொல்லிவிட்டு மறுசோறும் வாங்கிச் சாப்பிட்டேன். மாப்பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறான். லீவு விட்டதும் காலேஜ் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, கதர்ச் சட்டையும் புது மண்வெட்டியுமாகப் பஸ்ஸை விட்டு இறங்கி, "மாமா, வீடு கட்ட வந்திருக்கோம்"னு நிக்கிறான். நான் என்ன செய்ய, பருத்திக் கிட்டங்கியைக் கூட்டிப் பெருக்கி அதுல படுக்கச் சொன்னேன். மறுநாள் பார்த்தா எல்லாத் தலையிலயும் பஞ்சு.

முதல் வீடு இருளம்மாளுக்கு. புருஷன் இல்லாதவ, மூணு பிள்ளைக. அவ இடம் கிழக்குத் தெருக் கோடி, நம்ம தொழுவத்துக்குப் பின்னால, வண்டிப்பாதைக்கு அங்கிட்டு. பிள்ளைக ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு, மாப்பிள்ளை கட்சி முன்சுவரு, மத்த கட்சி பின்சுவரு. வாசலை அவுக விடுவாகன்னு இவுகளும் இவுக விடுவாகன்னு அவுகளும் நெனச்சுக்கிட்டு, ஒரு வரி மண்ணு வச்சுக் காயவிட்டு, அதுக்கு மேல ஒரு வரி வச்சு, இடுப்பு உசரம் இருந்தவரைக்கும் தாண்டித் தாண்டிக் குதிச்சுப் போயிட்டு வந்துட்டு, கடைசி வரியும் வச்சு முடிச்சுட்டாக. மாப்பிள்ளை உள்ள நின்னு சுவரை வழிச்சுக்கிட்டு இருக்கான், நாலு பக்கமும் சுவரு. இருளம்மாள் ஒரு சுத்து சுத்தி வந்து, "தம்பி, வீடு லெச்சணமா இருக்கு. நாங்க எங்கிட்டுக் கூடி உள்ள போறது?"ன்னு மரியாதையாத்தான் கேட்டிருக்கா. உள்ள சுவரை வழிக்கிற சத்தம் நின்னுச்சு. அப்புறம், "அதைத்தான் ரோசிச்சுக்கிட்டு இருக்கேன்"னானாம்.

எந்தப் பக்கம் ஈரம் காயலைன்னு பாத்து அங்கன அறுத்தாக. அது நம்ம தொழுவத்தைப் பாத்த பக்கம். இப்ப விடிஞ்சு நான் சாணி அள்ளப் போனா, அவ வாசல்ல நின்னு, "அய்யா, செவலை இருமுச்சே, பாத்தீகளா"ங்கிறா. ஒரு மாட்டுக்கு ரெண்டு குடும்பம் கவலைப்படுது.

கூரைக்குத் தென்னங்கிடுகு வேணும்ல. தொழுவம் மேய நான் முடைஞ்சு வச்சிருந்த கிடுகு அம்புட்டையும் மாப்பிள்ளை அவன் அத்தைகிட்டக் கேட்டிருக்கான், அவளும் எடுத்துக் குடுத்துட்டா. ஏன் குடுத்தேன்னு கேட்டேன். "மாடு நனைஞ்சா சிலுப்பிக்கிட்டு நிக்கும். பச்சப்புள்ள நனைஞ்சா என்னங்க செய்யும்?"னா. அடுத்தாப்புல மூங்கில் போச்சு. அதுக்கடுத்து என் கயித்துக் கட்டிலைக் காணோம். தேடிப்போனா மூணாவது வீட்டுக்குக் கதவா நிக்கிது. நான் இப்பத் தரையில படுக்கிறேன். இன்னும் கொஞ்ச நாள் போனா என்னையும் எங்கிட்டாச்சும் முட்டுக் குடுத்து நிறுத்திருவான்.

போன வெள்ளிக்கிழமை ஊர்ப் பெரியதனம் பேச்சிமுத்து வந்தாக. "உம்ம மாப்பிள்ளை கிழக்குத் தெருக்காரககிட்டக் கஞ்சி வாங்கிக் குடிக்கிறானாம்ல. நாளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"னாக. சமாளிக்கணுமேன்னு, "வீட்டுச் சாப்பாடு அவனுக்குப் பிடிக்கலை போல"ன்னுட்டேன். அது அடுப்படிக்குக் கேட்டுருச்சு. அன்னைக்கு எனக்குச் சோறு கிடையாது. அந்தக் கோவத்துல மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டேன். "மாமா, அவுக சட்டியில இருந்ததே கொஞ்சம். அதுல எனக்கும் ஊத்துனாக. வேண்டாம்னு எப்படிச் சொல்றது?"ன்னான். எந்திரிச்சு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டேன்.

மச்சான், பிள்ளைக்குக் கை ரெண்டும் கொப்புளம். வெயில்ல முகம் தோலுரிஞ்சு கெடக்கு. அத்தைக்காரி விளக்கெண்ணெய் தடவும்போது பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கான், விடிஞ்சா மண்ணு மிதிக்கப் போயிடுறான். அக்கா பாத்தா என் தலையை உருட்டிருவா. குச்சனூர் போய் எள்விளக்குப் போட்டுட்டு வந்தேன். சனீஸ்வரன் அவனை விட்டபாடில்லை. ஆகையால் இக்கடிதம் தந்தி போல் பாவித்துப் புறப்பட்டு வரவும். அக்கா பிச்சையம்மாளுக்கு என் அன்பு. தங்கள் வீட்டு அடுப்பில் என்றும் பால் பொங்கி நிற்க வேலப்பரை வேண்டிக்கொள்ளும்,

தங்கள் மைத்துனன்,
சுருளியாண்டி.

பி.கு.: இதை மடித்து வைத்த மறுநாள் சாயங்காலம் பெருங்காத்தும் மழையும். வேப்பங்கொம்பு முறிஞ்சு நம்ம வீட்டு ஓட்டு மேல விழுந்துருச்சு. ஒருத்தருக்கும் காயமில்லை, அக்கா பதற வேண்டாம். அன்னத்தாய் பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டு ஓடி இருளம்மாள் வீட்டுக்குள்ள போயிட்டா. போறதா வேண்டாமான்னு தெரியாம நான் பாதையில நனைஞ்சுக்கிட்டு நின்னேன். இருளம்மாள் தலையில முறத்தைக் கவுத்துக்கிட்டு வந்து, "உள்ள வந்து இருங்கய்யா. யாரும் கேட்டா நான் சொல்லிக்கிறேன்"னா. எனக்காக அவ பதில் சொல்றாளாம். குனிஞ்சு உள்ள போனேன். அங்கன எனக்கு முன்னாடியே பேச்சிமுத்து உக்காந்து கருப்பட்டிக் காப்பி குடிச்சுக்கிட்டு இருக்காக. "மழை விடட்டும்னு பாக்கேன்"னாக. ஒரு சொட்டு ஒழுகலை மச்சான். மழை விட்டும் ரொம்ப நேரம் நாங்க ரெண்டு பேரும் எந்திரிக்கலை.

ஆகையால் மாப்பிள்ளையை அழைத்துப் போகத் தாங்கள் வர வேண்டாம். இன்னும் நாலு வீடு பாக்கி இருக்கிறது. வருவதானால் அக்காவைக் கூட்டிக்கொண்டு வாங்க. சுவரு மெழுக அவளுக்கு நல்லா வரும். தங்களுக்கு என்ன வேலை என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். தண்ணி சுமக்க ஆள் வேணும்கிறான்.