ஒரால்பைக்கு வெறும் கொலஸ்ட்ரால்தான்

ஒரால்பை கதவைத் திறந்தபோது வாசலில் ஏழு பேர் அழுதுகொண்டு நின்றார்கள். முன்னால் நின்றவர் தெருக்கோடி மூகான். கையில் முழ நீளத்துக்குக் கஸி; கொழுப்போடு குடலில் அடைத்த குதிரை விலாக்கறி.

"போகப்போறியாமே தம்பி?"

"எங்கண்ணே போறேன்? எனக்கு வெறும் கொலஸ்ட்ரால்!"

"மொதல்ல எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க," என்று மூகான் பூட்ஸைக் கழற்றினார்.

கராகண்டா நகரில் இருபத்தாறு வருடமாக ரயில் இன்ஜின் ஓட்டுகிறவன் ஒரால்பை. கொலஸ்ட்ரால் எட்டு புள்ளி இரண்டு; அந்த ஊர் அளவையில் ஐந்தைத் தாண்டினாலே அதிகம். இரண்டு மாதத்தில் ஆறுக்கு இறங்காவிட்டால் அவன் இன்ஜினை விட்டு இறங்க வேண்டும் என்று மருத்துவக் குழு சொல்லிவிட்டது. அன்றிலிருந்து வேகவைத்த பீட்ரூட், ஓட்ஸ் கஞ்சி, மருந்துக்கடை கலியா கொடுத்த ஆளிவிதை எண்ணெய். மூன்று வாரத்தில் கன்னம் ஒட்டிப்போனது. பார்த்த தெரு, தானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது.

நோயாளியைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. வந்த கறி அன்றே அடுப்பேற வேண்டும். வீட்டுக்காரன் வாய் வைக்காமல் மற்றவர் தொடமாட்டார்கள்.

"ஒரே ஒரு துண்டுங்க," என்றாள் மனைவி ரௌஷான். "எல்லாரும் உங்க வாயையே பாத்துட்டிருக்காங்க."

தின்றான். பீட்ரூட் தின்ற நாக்குக்கு அது சொர்க்கம். கண் கலங்கிவிட்டது.

"கடைசி ஆசை," என்று ஒருவர் விசும்பினார்.

மூகான் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சிடுப்பா. அந்த ஏரியில காணாமப்போன உன் தூண்டில், நான்தான் எடுத்தேன்."

"நீங்களா? கூட நின்னு தேடினீங்களேண்ணே!"

"ரொம்ப நேரம் தேடினேன்," என்று ஒப்புக்கொண்ட மூகான், தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

சனிக்கிழமைதோறும் இது தொடர்ந்தது. திடமாக இருப்பதைக் காட்ட, ஒரால்பை பனியில் தெருவைச் சுற்றி ஓடினான். "வீட்ல இருப்புக் கொள்ளல, பாவம்," என்று பேசிக்கொண்டார்கள். மறுவாரம் பதினான்கு பேர் வந்தார்கள்.

டாக்டரிடம் போய், 'இவருக்குக் கொலஸ்ட்ரால் மட்டுமே' என்று எழுதி வாங்கிக் கதவில் ஒட்டினான். கீழே அரசாங்க முத்திரை இருந்தது. கதவில் முத்திரை வைக்கிற அளவுக்கு முற்றிவிட்டதென்று அடுத்த தெருவும் கிளம்பி வந்தது. ஆட்டு வால் கொழுப்போடு.

கிளம்பும்போது மூகான் ரௌஷானைத் தனியாகக் கூப்பிட்டார். "அடுத்த சனிக்கிழமை வரைக்கும் தாங்குவான் இல்லம்மா?"

ஒவ்வொரு வீட்டுக் கறிக்கும் ஒரு வாய். மறுத்தால், 'எங்க வீட்டுது மட்டும் இறங்கலையா?' என்று முகம் சுருங்கும்.

மருத்துவக் குழு மறுபடி ரத்தம் எடுத்தது. ஒன்பது புள்ளி நான்கு.

அன்று மாலையே இன்ஜின் சாவியை வாங்கிக்கொண்டார்கள். பணிமனை வாசலில் வண்டி எண் குறிக்கும் வேலை கொடுத்தார்கள். அவன் ஓட்டிய இன்ஜின் அவனைத் தாண்டிப் போனது. எண்ணைக் குறித்துக்கொண்டான்.

வேலை முடிந்ததும் நேரே கலியாவின் கடைக்குப் போய், எண்ணெய்ப் புட்டியை மேஜைமேல் வைத்தான்.

"போலிச் சரக்கைக் கொடுத்து என் பொழப்பைக் கெடுத்துட்டியேம்மா!"

கலியா புட்டியை முகர்ந்து பார்த்தாள். "சரக்கு சுத்தமானதுண்ணே. இதே புட்டியைத்தான் மூகான் மாமா மாசம் ரெண்டு வாங்குறாரு. உங்க வீட்டுக்கு வர்றவங்க அத்தனை பேரும் வாங்குறாங்க."

"அவங்க எதுக்கு வாங்குறாங்க?"

"அவங்களுக்கும் கொலஸ்ட்ரால்தாண்ணே. வீட்டுக்கு வீடு பீட்ரூட்தான். சாகக் கெடக்கிறவர் வீட்ல வச்ச கறியைத் தொடாதேன்னு மட்டும் எந்தப் பொண்டாட்டியாலயும் சொல்ல முடியாதே!"