வீடு ஆரின்ரை பேரிலை?

கிளிநொச்சி
14.07.61

அன்பும் மதிப்பும் நிறைந்த பெரியண்ணாவுக்கு,

தங்கை இரஞ்சிதம் எழுதிக்கொள்வது. நானும் இவரும் குழந்தையும், மாமியும் மச்சாள் பத்மாசனியும் கடவுள் புண்ணியத்தில் சுகம். கொழும்பில் நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டுமென்று கும்பிடுகிறேன். சுகம் என்று முறைக்கு எழுதிவிட்டேன், எனக்குச் சுகமில்லை. குழந்தை இப்போதுதான் கண் அயர்ந்தான், இவருக்குப் பரந்தன் தொழிற்சாலையில் இரவு வேலை, இதை எழுதி முடிக்காமல் எனக்கு நித்திரை வராது.

எல்லாம் உங்கள் கம்பனியிலிருந்து நீங்கள் அனுப்பிவைத்த காப்புறுதி ஏஜெண்ட் தில்லைநாதனால் வந்தது. அனுப்பச் சொல்லிக் கேட்டது நான்தான், இல்லையென்று சொல்லவில்லை. பக்கத்துக் காணிக்காரரின் வைக்கோற்போர் பற்றியெரிந்த நாளிலிருந்து அடுப்பைப் பார்த்தாலே எனக்கு நெஞ்சு இடிக்கிறது. எங்கள் குசினி தென்னோலைக் கிடுகுக் கூரை, குழந்தை வேறு தவழத் தொடங்கிவிட்டான், போதாக்குறைக்கு முன் அறையை வாடகைக்கு எடுத்திருக்கும் ஹமீட் நானா அதற்குள் மண்ணெண்ணெய்ப் பீப்பாக்களை அடுக்கியிருக்கிறார். அதைக் கேட்டதற்கு, "தங்கச்சி, எண்ணெயை நான் பாத்துக்கொள்றன், வீட்டை நீங்க பாத்துக்கொள்ளுங்க" என்று மிக நியாயமாகச் சொன்னார். வீட்டுக்காரருக்கு ஒரு வகைக் காப்புறுதி, வாடகைக்கு விடுகிறவருக்கு ஒரு வகை, வாடகைக்கு இருப்பவருக்குச் சாமான்களுக்கு மட்டும் ஒரு வகை என்று நீங்கள் விளக்கி எழுதியதை நான் மனப்பாடமே செய்து வைத்திருந்தேன்.

இன்று காலை தில்லைநாதன் வெள்ளைச் சட்டையும் தோல் பையுமாக வந்தபோது நான் கிணற்றடியில் குழந்தையைக் குளிக்கவார்த்துக்கொண்டிருந்தேன். மாமிதான் கதிரை போட்டு இருத்தினார். இப்படி ஒருவர் வருவார் என்று மாமிக்கு நான் சொல்லியிருக்கவில்லை. வீடு எரிந்தால் என்று அவர் முன்னால் வாய் திறக்க முடியுமா? அந்த மனிதர் தன் பெயரைச் சொன்ன கையோடு கேட்ட முதற் கேள்வி, "வீடு ஆரின்ரை பேரிலை இருக்கு?" அண்ணா, நீங்கள் கொழும்புக்குப் போய்க் கனகாலம், மறந்திருப்பீர்கள். வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போகிற இந்தப் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவர் வந்து அந்தக் கேள்வியைக் கேட்டால் அவர் கலியாணம் பேச வந்தவர். மாமி உடனே பத்மாசனியைச் சீலை மாற்றச் சொல்லி உள்ளே அனுப்பிவிட்டார்.

ஈரச் சீலையோடு முன்னுக்குப் போக முடியாமல் நான் குசினி மறைப்புக்குப் பின்னால் நின்றேன். கூரை ஓடோ கிடுகோ என்று அவர் கேட்டார், மாமி ஓடு என்றார், குசினியைப் பற்றி மூச்சும் விடவில்லை. முந்தி ஏதும் நட்டம் வந்ததோ என்று கேட்டார், எங்கள் பரம்பரையில் ஒரு குறையும் இல்லை என்றார். நெருப்பால் ஆபத்து உண்டோ என்றதற்கு, செவ்வாய் தோஷம் துப்புரவாய் இல்லை என்றார். அத்தோடு அந்த மனிதர் விட்டாரா? முந்தி வேறு யாரும் வந்து பார்த்துவிட்டு வேண்டாமென்று போனதுண்டோ என்று கேட்டார். வேறு கம்பனி ஏதும் மறுத்ததோ என்று அறிய எல்லாரிடமும் கேட்பதாம். மாமிக்கு முகம் கறுத்துப்போனது.

"ஒரு மாப்பிள்ளைப் பகுதி வந்ததுதான் தம்பி. நாங்கள்தான் வேண்டாமெண்டு விட்டனாங்கள். வீடு முழுக்க என்ரை மோளுக்குத்தான். மோனும் மருமோளும் வேறை இடம் பாப்பினம்."

அதுவரை சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்ற நான் ஓடிப்போய்ச் சீலை மாற்றிக்கொண்டு முன்னுக்கு வருவதற்குள் அவர் போய்விட்டார். காணி பெர்மிட் காணி, அது அரசாங்கத்தினுடையது. சுவர் காலஞ்சென்ற மாமா கட்டியது. ஓடு மட்டும் இவர் தன் சம்பளத்தில் போட்டது. வேலைக்குப் புறப்பட்டவரிடம் அழாக்குறையாகச் சொன்னால், அப்ப ஓட்டை மட்டும் இன்சூர் பண்ணுவம் என்கிறார். ஓடு எரியாது அண்ணா. எரியக்கூடியதெல்லாம் மாமியுடையது. கல்லூரியில் தருக்கம் படித்தவள் நான், எவ்வளவு யோசித்தும் இந்த வீட்டில் நாங்கள் யார் என்று பிடிபடவில்லை. வீட்டுக்காரர் இல்லை, வாடகை கொடுப்பதில்லை, ஹமீட் நானாவிடம் வாடகை வாங்குவதும் மாமி. மாமியின் மனம் உள்ளவரை மாமி வீட்டில் இருப்பவர்களுக்கு உங்கள் கம்பனியில் ஏதும் வகை உண்டோ? நீங்கள் எனக்குச் சீதனமாகத் தந்தது பளையில் தென்னங்காணி. கைக்குழந்தையோடு தென்னையிலா ஏறியிருப்பேன்? அந்தத் தில்லைநாதனை இனி இந்தப் பக்கமே அனுப்பாதேங்கோ. வாய் திறந்து ஒரு குடும்பத்தையே தெருவில் விட்ட மனிதர்.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு மாமியின் முத்தம், அவர்களுக்கு மாமி நான்தான் என்பதையும் ஞாபகப்படுத்துங்கோ. முருகன் உங்களை நெருப்பு, வெள்ளம், கேள்வி கேட்பவர்கள் எல்லாவற்றிலிருந்தும் காக்கட்டும்.

உங்கள் அன்புத் தங்கை,
இரஞ்சிதம்

பி.கு.: விடிந்து, கடிதத்தை ஒட்டப் போகிறேன், தில்லைநாதன் மறுபடியும் வந்து நிற்கிறார். பரந்தனில் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தாராம். நேற்றுக் கேட்டதைப் பிழையாக விளங்கிவிட்டீர்கள் என்று சொல்ல வந்தவர், பத்மாசனி கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து முடித்ததும், பிழையாக விளங்கியதே இருக்கட்டும் என்றார். மாமி வீட்டுக் கதையைத் தொடங்க, "வீடு வேண்டாம் மாமி, கொழும்பிலை வாடகைக்கு இருப்பம். வாடகைக்காரன் சாமானுக்கு மட்டும் இன்சூர் பண்ணினால் காணும், கூரைக் கவலை வீட்டுக்காரனுக்கு" என்றார். மாமிக்கு உச்சி குளிர்ந்து, வீடு மோனுக்குத்தானே என்று எனக்கே சொல்கிறார். தங்கமான பிள்ளை அண்ணா, மேலே எழுதியதை வாசிக்காதேங்கோ. ஆனால் மனிதர் பத்மாசனியின் சாதகக் குறிப்பைத் தோல் பையில் வைத்துக்கொண்டு, வீட்டுக்குக் காப்புறுதி எழுத மறந்து பஸ் ஏறிவிட்டார். ஹமீட் நானா இன்னும் இரண்டு பீப்பா இறக்கியிருக்கிறார். உடனே வேறொரு ஏஜெண்டை அனுப்புங்கோ. கலியாணம் கட்டினவராய்ப் பார்த்து அனுப்புங்கோ.